ஹம்சாவின் காலில் ஓட்டைக் காசு

பத்மநாபன் லேசில் யாரையும் நம்பமாட்டார். கால்வெஸ்டன் தீவின் துறைமுகத்தில் பொறியாளர் ஆன பிறகும், தேதி அச்சடித்த பால் கேனை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஃபிரிட்ஜில் வைப்பார்.

1996இல் அவர் மனைவி விசாலாக்ஷிக்கு அவ்வூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பயிற்சி வேலையான ரெசிடென்ஸி கிடைத்தது. ஒரு வயது ஹம்சாவைப் பார்த்துக்கொள்ள எதிர்வீட்டு ஒடெஸ்ஸாவை விட்டால் ஆளில்லை. தலைமுறைகளாகத் தீவில் வாழும் கறுப்பினக் குடும்பத்துப் பெண்மணி. அவர் வீட்டு முற்றத்து மரத்தில், கிளைக்குக் கிளை நீலப் புட்டிகளைக் கவிழ்த்துச் செருகியிருந்தார். பத்மநாபனுக்கு அந்த மரமே பிடிக்கவில்லை.

காலையில் ஹம்சாவின் கன்னத்திலும் உள்ளங்காலிலும் வைத்தனுப்பும் மை, மாலையில் இருக்காது.

"குளிப்பாட்டியிருப்பாங்க, விடுங்க" என்றார் விசாலாக்ஷி.

"தலை காய்ஞ்சுதானே இருக்கு? மையை மட்டும் பார்த்துப் பார்த்துத் தொடைச்சிருக்கா."

அந்த வெள்ளிக்கிழமை, குழந்தையின் கணுக்காலில் சிவப்பு நூலில் ஓட்டை போட்ட வெள்ளிக்காசு ஒன்று தொங்கியது.

"புட்டி, நூல், காசு. நம்ம ஊர்ல இதுக்கு என்ன பேரு?"

"செய்வினையா? நல்ல இன்ஜினியர் போங்க! அவங்களைப் பகைச்சுக்கிட்டா நான் ரெசிடென்ஸியை விட்டுட்டு வீட்டுல உக்கார வேண்டியதுதான்."

பத்மநாபன் நூலை வெட்டி, காசோடு தெருவைக் கடந்தார்.

வராந்தாவில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒடெஸ்ஸா முந்திக்கொண்டார். "குழந்தை மேல தினமும் கறுப்புக் குறி போடறது யாரு, மிஸ்டர் பத்மன்? அழிக்க அழிக்க மறுபடி வருது. பயந்துதான் காசைக் கட்டினேன்."

"கண்ணு படாம இருக்க நாங்க வைக்கிறது அது."

"யார் கண்ணு?"

பத்மநாபனின் பார்வை புட்டி மரத்துக்குப் போய்த் திரும்பியது.

ஒடெஸ்ஸா அவர் கையிலிருந்த காசைக் காட்டினார். "காசும் அதுக்குத்தான். பொல்லாதது எதுவும் புட்டிக்குள்ள மாட்டிக்கும். மேல, இந்த வராந்தாக் கூரைக்கு அடிச்சிருக்கற நீலத்தைப் பார்த்தா வானம்னு நினைச்சு விலகிப் போயிடும். ஆப்பிரிக்காவிலேருந்து வந்த வழக்கம்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க. ஊர்ல பெரிய வீட்டுக்காரங்களும் அதே நீலம்தான் அடிக்கிறாங்க. கேட்டா, அழகுக்காம்."

பத்மநாபன் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். 'இந்த ஊர் வழக்கம் சார்' என்று பெயின்ட் கடைக்காரர் சொன்னதற்காக, போன வருடம் அவரும் வராந்தாக் கூரைக்கு அதே நீலத்தைத்தான் அடித்திருந்தார்.

காசைத் திருப்பிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை மாலை ஹம்சாவின் கன்னத்தில் மை இருந்தது. காலில் புது நூலில் காசும் இருந்தது. விசாலாக்ஷியின் வேலை பிழைத்தது. ஆனாலும் குழந்தையைத் தூக்கிவரும்போது பத்மநாபன் புட்டி மரத்தைச் சுற்றிக்கொண்டுதான் வந்தார். ஒடெஸ்ஸாவும் மையில்லாத கன்னமாகப் பார்த்துத்தான் முத்தமிட்டார்.