பதினோரு துண்டு நாற்காலி

நாற்காலிப் பட்டறையில் அவருக்கு வைத்த பெயர் அரைமில்லி. கால் ஒன்று அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் அந்த நாற்காலியை வெளியே அனுப்ப மாட்டார். முப்பத்தொரு வருட வேலையில் அவர் கை படாத ஒரே இடம் சொந்த வீடுதான் என்பாள் மனைவி. அவளுக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே விரிப்புகளை இஸ்திரி போட வேண்டும். முதுகு வலி அவள் கூடவே பிறந்ததுபோல் ஆகிவிட்டது.

அந்த முதுகுக்காகத்தான் பதினேழு வருடங்களுக்கு முன் ஒரு நாற்காலியைத் தொடங்கினார். நான்கு கால்கள், இரண்டு கைகள், உட்காரும் பலகை, முதுகுக்கு மேல்கட்டை ஒன்றும் பட்டிகள் மூன்றும். ஆக மொத்தம் பதினோரு துண்டுகள். எதையும் ஒட்டவில்லை. ஒட்டலாம் என்று நினைக்கும்போதெல்லாம் அவள் உடம்பு மாறியிருக்கும். டேப்பை எடுத்துக்கொண்டு மறுபடி வந்து நிற்பார்.

"சவப்பெட்டிக்கா அளவு எடுக்கறீங்க?" என்று ஒருமுறை கேட்டாள்.

"பெட்டின்னா ஒரே நாள்ல முடிச்சிருப்பேன். நீ கொஞ்சம் ஆடாம நில்லு."

ஐம்பத்தெட்டு வயதும் நான்கு மாதமும் ஆனபோது, பட்டறையிலேயே மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தார்.

அவர் போன மூன்றாம் ஞாயிறு பின்னறையைக் கூட்டப் போனவள் ஒரு காலைக் கையில் எடுத்தாள். மரம் முழுக்கப் பென்சில். அளவு, தேதி, அதன்கீழ் பொடி எழுத்தில் ஒரு வரி. 'கணுக்கால் வீக்கம். செருப்பு மாற்ற வேண்டும்.' வேறொரு தேதியில்: 'அளவு தர மறுத்தாள். காரணம் நான்.' அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருடமும் சோம்பேறித்தனம் என்று திட்டியது இதைத்தானா?

ஒரே மூச்சில் படித்துத் தீர்த்துவிட அவளுக்கு மனம் வரவில்லை. வாரத்துக்கு ஒரு துண்டு என்று வைத்துக்கொண்டாள். ஒன்பதாம் ஞாயிறு வரை கால்கள், கைகள், பலகை என்று ஏழு முடிந்தன. முதுகின் நான்கு துண்டுகளைக் கடைசிக்கு ஒதுக்கியிருந்தாள். அவற்றில்தான் எழுத்து அதிகம். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பத்தாம் ஞாயிறு கதவைத் திறந்தபோது அறை காலி.

"அப்பா பாதியில விட்டதுன்னு மனசு கேக்கலம்மா," என்றாள் மகள். "திங்கக்கிழமை நீ வேலைக்குப் போனதும் சித்தப்பாகிட்ட குடுத்தேன். முடிச்சுக் கொண்டாந்து உன்னை அசத்தலாம்னு பாத்தோம்."

சித்தப்பா என்றது கூடப் பிறந்தவரை அல்ல. அரைமில்லியிடம் தொழில் பழகி, இருபது வருடம் பக்கத்து மேஜையில் நின்றவரை. மகளும் பின்னாலேயே ஓடி வர, அவள் பட்டறைக்குப் போனாள். விடுமுறை நாளிலும் அவர் அங்கேதான் இருந்தார். பத்துத் துண்டுகளும் இழைத்து, உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று சுவரில் சாய்ந்திருந்தன. பலகை மட்டும் மேஜைமேல், இழைப்புளிக்குக் காத்திருந்தது.

"உக்காருங்க அண்ணி. இன்னும் ரெண்டு நாள்ல..."

"எழுத்தெல்லாம் எங்க?"

அவர் சுவரோரத் துண்டுகளைத் திரும்பிப் பார்த்தார். இழைப்புளியைக் கீழே வைத்தார்.

"பென்சில் கோடு தெரிஞ்சா அது வேலையே இல்லன்னு அண்ணன்தான் சொல்லிக் குடுத்தாரு. என் மண்டையிலயே ரெண்டு தட்டுத் தட்டிச் சொல்லிக் குடுத்தாரு."

"முதுகுப் பக்கம் என்ன எழுதியிருந்தது?"

"கோட்டைத்தான் பாத்தேன் அண்ணி, படிக்கலையே." அவர் மேஜைமேல் இருந்த பலகையைப் பார்த்தார். "ஒரு நம்பர் மட்டும் நாலஞ்சு தேதியில திரும்பத் திரும்ப இருந்துது. முப்பத்தெட்டரை."

"எதோட அளவு?"

"தெரியல."

சீவல்கள் வியாழக்கிழமையே சாமான் கட்டும் பிரிவுக்குப் போய்விட்டன. அவள் பலகையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அது இல்லாமல் மற்றது எதற்கும் ஆகாது என்று அவர் சொல்லவில்லை. வீடு வரை பேருந்தில் அதை மடியிலேயே வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் டேப்பை எடுத்து மகளிடம் நீட்டினாள். தோளுக்குத் தோள் முப்பத்தாறு சென்டிமீட்டர். முழங்கையிலிருந்து விரல்நுனி நாற்பத்திரண்டு. பின்கழுத்து எலும்பிலிருந்து இடுப்பு வரை வைத்துப் பார்த்தபோது மகள் நிறுத்தினாள்.

"முப்பத்தேழே முக்கால். கொஞ்சம் நிமிந்து நில்லும்மா."

அவள் நிமிர்ந்தாள். வலித்தது.

"முப்பத்தெட்டே கால்."

"இன்னும் ஒருதரம் பாரு," என்றாள் அவள், சுவரைப் பிடித்துக்கொண்டு.