முறத்தில் நின்றவை

பாப்பாயி முறத்தை உயர்த்தித் தட்டினாள். மக்கிய இலைத்தூள் முன்விளிம்பில் சரிந்து விழுந்தது. பின்பக்கம் தங்கிய பூச்சிகள் துள்ளின. அரிசிமணியைவிடச் சற்றே நீளம், பக்கவாட்டில் நசுக்கிவிட்டது போன்ற உடம்பு, சாம்பல் நிறம். விரலால் பிடித்தால் கால் உதிர்ந்துவிடும் என்று ஊர்ச் சாவடியில் தங்கியிருந்த வாத்தியார் சொல்லியிருந்ததால் ஈரத் தூரிகையால் தொட்டு எடுத்தாள். பெருத்தவற்றையும், வயிற்றுக்கடியில் முட்டை சுமந்தவற்றையும் கண்ணாடிக் குப்பிக்குள் விட்டாள். பொடிசுகளை இலையோடு சேர்த்து ஓடைக்கரையில் கொட்டினாள். கழுத்து வலித்தது.

ஓடைக்கு மேலே சரிவில் அவளுடைய சாமைக் காடு தெரிந்தது. கதிர் முற்றித் தலை சாய்ந்துவிட்டது. ஒரு மழை அடித்தால் மணி மண்ணோடு போய்விடும். வருசத்துக்கும் சோறு அதுதான்.

குடத்தோடு வந்த பக்கத்து வீட்டு ராக்கம்மாள் நின்று பார்த்தாள்.

"ஏனக்கா, ஊரெல்லாம் சாமை அறுக்குது. நீ குப்பையப் பொடைச்சிட்டு உக்காந்திருக்கற?"

"அடுத்த முறை உன்ற ஊட்டுதுதான். அப்பப் பாக்கறேன் உன்ற சிரிப்ப."

"எனக்கு வர்றவரு புலி பாக்க வருவாரு. இப்படிக் குனிய வேண்டியதில்ல."

"குனிய வேண்டியதில்ல. ஓட வேண்டியிருக்கும்."

மலைமேல் பெரக்கரை நாட்டில் அவர்கள் ஊர் வழக்கம் அது. வெளியாள் யார் வந்து தங்கினாலும் ஒரு வீடு அவருக்குப் பொறுப்பு. தண்ணீர், விறகு, கைவேலை எல்லாம் அந்த வீட்டார்தான் பார்க்க வேண்டும். மலையிறங்கும்போது வந்தவர் ஊர்க்கவுண்டர் முன்னால் குறையில்லை என்று சொன்ன பிறகே முறை அடுத்த வீட்டுக்குப் போகும்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டு முறையெல்லாம் பாப்பாயி தலையில்தான் விழுந்தது. புருசன் வேலப்பனுக்கு மழைக்காலம் நெருங்கினால் குளிர்காய்ச்சல் வந்துவிடும். சர்வேக்காரர் வந்தபோது வயிற்றில் பிள்ளையோடு அவருடைய அளவுச் சங்கிலியை மேடு பள்ளமெல்லாம் இழுத்தாள். அந்தப் பிள்ளை தங்கவில்லை. காட்டிலாகாக்காரர் வந்தபோது அவர் குதிரைக்குப் புல் அறுத்தாள். வந்தவர்கள் யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. வந்தார்கள், தங்கினார்கள், போனார்கள்.

இப்போது வந்திருந்தவர் அண்ணாமலை, திருச்சியில் காலேஜ் வாத்தியார். மெலிந்த ஆள். முதல் நாளே அவளிடம் விளக்கம் சொன்னார்.

"இது பூச்சியில்ல பாப்பாயி. இறால் சாதி."

"பேளுக்குறிச்சிச் சந்தையில கருவாட்டோட விக்கிற எறாலுங்களா?"

"அதுக்குத் தூரத்துச் சொந்தம்."

"கடல உட்டு இம்புட்டு ஒசரம் ஏறுச்சுங்களா? எங்க சனமாட்டம் அதுக்கும் கீழ பொழைக்க வழியில்ல போல."

அவர் சிரித்தார். அதன்பின் நாளெல்லாம் சாவடியில் பூதக்கண்ணாடிக் குழாயின் மேல் குனிந்தே இருந்தார். மீசை எத்தனை கணு, கால் எப்படி மடிகிறது என்று பார்த்துப் பார்த்துக் கண் சிவந்துவிட்டது. நாளைக் காலை இறங்க வேண்டும், லீவு முடிகிறது. குப்பியைக் கொடுத்துவிட்டு மத்தியானமே அரிவாளோடு காட்டுக்குப் போய்விடலாம் என்று பாப்பாயி கணக்குப் போட்டிருந்தாள்.

கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு இன்னும் பார்க்காமல் வைத்திருந்த முந்தைய குப்பிகளையும் திறந்தார். கடைசியில் நிமிர்ந்து சுவரில் சாய்ந்தார்.

"எல்லாம் பொட்டை."

"நல்லதுதானுங்களே."

"ஆண் வேணும் பாப்பாயி. பொட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஆணோட ரெண்டாவது கால்ல ஒரு கொடுக்கு இருக்கும், அதை வச்சுத்தான் எந்த இனம்னு பிரிக்க முடியும். வேற எதுவும் அகப்படலையா?"

"பொடிசுக வந்துச்சுங்க. கொட்டிட்டனுங்க."

"ஏன்?"

விதைக்குப் பொறுக்கினால் பெருத்ததைத்தான் பொறுக்குவார்கள். வந்தவருக்குச் சூம்பியதைக் கொடுத்தால் வீட்டுக்கு இழுக்கு.

"வந்தவியளுக்குக் கழிசலயா குடுப்பாங்க?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "அந்தப் பொடிசுலதான் ஆண் இருந்திருக்கும். ஆண்தான் சிறுசு. நான் முன்னாலயே சொல்லியிருக்கணும்."

கிழக்கே மேகம் கறுத்திருந்தது. இருவரும் பார்த்தார்கள்.

"நீங்க போய்ச் சாமையை அறுங்க. நான் ஓடைக்குப் போறேன். கவுண்டர்கிட்ட குறையில்லைன்னுதான் சொல்வேன்" என்று முறத்தை எடுத்தார். சாப்பாட்டுத் தட்டைப் போல இரு கையாலும் ஏந்தினார்.

பாப்பாயி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவர் பொழுதுக்கும் புடைத்தாலும் ஒன்றும் நிற்காது. இருட்டினால் வழி தவறுவார். பிறகு தீவட்டி கொளுத்தி அவள்தான் தேட வேண்டும். அவளுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டியிருந்தது.

"குடுங்க இப்படி."

பலா மரத்தடி ஈர இலையை வாரி வாரிப் போட்டுப் புடைத்தாள். இந்தமுறை பெருத்ததைத் தள்ளினாள், பொடிசை நிறுத்தினாள். கை பழைய பழக்கத்துக்கே போயிற்று. இரண்டு தரம் தப்பாகக் கொட்டிவிட்டுத் திரும்ப அள்ளினாள். மேலே சரிவில் வேலப்பன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குனிந்து அறுப்பது தெரிந்தது. அறுப்பான், உட்காருவான், மறுபடி எழுந்திருப்பான். குப்பி பாதி நிறைந்தபோது தூறல் விழுந்தது. சாவடிக்குள் நுழையும்போது மழை வலுத்துவிட்டது.

அண்ணாமலை குழாய்க்கடியில் ஒன்றை வைத்தார். திருப்பினார். "இருக்கு" என்றார். "பாருங்க, பாப்பாயி."

முதலில் தன் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு அந்தச் சின்ன உடம்புக்குப் பொருந்தாத பெரிய கொடுக்கு தெரிந்தது.

"நண்டுக் கையாட்டம் இருக்குதுங்க. வாரனுங்க" என்று வெளியே ஓடினாள்.

காட்டில் வேலப்பன் அறுத்த கட்டின் மேல் கம்பளியைப் போட்டு மூடிவிட்டு நனைந்துகொண்டு நின்றான். பல் கிட்டியிருந்தது.

"உங்களுக்குப் போத்த இல்ல, கட்டுக்குப் போத்தறீங்களா?"

"நான் ஒலந்துக்குவேன், புள்ள."

மறுநாள் மழை விட்டிருந்தது. சுமை ஆட்கள் வந்து பெட்டிகளைத் தூக்கினார்கள். அண்ணாமலை ஊர்க்கவுண்டரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுக் காரவள்ளிப் பாதையில் இறங்கினார். பாப்பாயி காட்டுக்குப் போனாள். மேல்சரிவில் கொஞ்சம் கதிர் நின்றது, அதை அறுத்தாள். கீழ்ச்சரிவில் மணி உதிர்ந்து கிடந்தது. மண்ணோடு கூட்டி அள்ளி ஓடையில் அலசினாள். பாதிக்கு மேல் தண்ணீரோடு போயிற்று. மத்தியானம் வேலப்பனுக்குக் காய்ச்சல் ஏறியது. மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். அலசிய சாமையைப் பாறையில் காயப் போட்டாள். வெயில் சரியாக இல்லை.