திதி சொன்ன கடிதம்

குண்டசாலை அம்பிகைபாகனுக்கு உலகம் முழுக்க அறுநூறு எசமானர்கள். பகலில் கண்டிக் கந்தோர் ஒன்றில் வரைபடம் கீறுவார்; பின்னேரம் பஸ்ஸில் இடிபட்டு வீடு வந்தால் அந்த அறுநூறு பேருக்கும் ஊழியம். யுத்தத்தால் வடக்குக்குப் போகும் ஏ-ஒன்பது பாதை பூட்டுப்பட்டு யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கம் வராமற்போன வருடம், தாயின் திதி தவறக்கூடாதென்று ஒரு புரோகிராம் எழுதினார். இறந்த நாளைக் கொடுத்துவிட்டால், வருடாவருடம் திதிக்கு முதல்நாள் மின்னஞ்சல் வரும். இணையத்தில் போட்டதும் கனடா, சுவிஸ் என்று சனம் வந்து ஒட்டிக்கொண்டது.

அவர்களுக்கென்று ஒரு கருத்துக்களமும் வைத்தார். என்ன வசதி வேண்டுமென்று அங்கே கேட்பார்கள், தங்களுக்குள் பிடுங்குப்படுவார்கள். கூடிய ஆதரவு விழுந்ததை இவர் செய்து கொடுப்பார். இறந்த நாள் தெரியாவிட்டால் ஆடி அமாவாசையை எடுக்கவேண்டும் என்ற விதியும் அப்படி வந்ததுதான்.

இரண்டாயிரத்து ஒன்பது மாசியில் சுவிஸிலிருந்து யசோதா எழுதினாள். அவளுடைய தம்பி யுத்தம் நடக்கும் வன்னியில். ஒரு தகவலும் இல்லை. "அண்ணா, செத்தவன் எண்டு போட ஏலாது. விடவும் மனமில்லை. 'தகவல் இல்லை' எண்டு ஒரு பெட்டி வையுங்கோ. பெயராவது ஓரிடத்தில இருக்கட்டும்." இருநூறு பேர் தங்களுக்கும் அது வேண்டுமென்று கீழே எழுதினார்கள்.

கேட்டதைச் செய்யாமல் விட்டறியாத மனிதர் இதற்கு மட்டும் கல்லுப்பிள்ளையார்போல் இருந்தார். "இது திதிக் கணக்கு, பிள்ளை. உயிரோட இருக்கிறவைக்கு இதில வேலையில்லை" என்று எழுதினார். வீம்பு அல்ல, பயம். அவருடைய ஒரே தங்கை பத்மாதேவியும் வன்னிக்குள்தான் இருந்தாள். தையில் கடைசியாகப் பேசியபோது, "நாளைக்கு எடுக்கிறன், அண்ணை" என்று வைத்தவள். கந்தோரில் கேட்டவர்களிடம், வடக்கில் தமக்கு ஒருத்தருமில்லை என்று சொல்லிவைத்திருந்தார். பெட்டியைச் செய்தால் முதலில் நிரப்பவேண்டியவர் தாமே என்பது அவருக்குத் தெரியும்.

வைகாசியில் யுத்தம் முடிந்தது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள். பக்கத்து வீட்டுச் சிங்களவர் நல்ல மனதோடுதான் வெற்றிக்கு ஆக்கிய பாற்சோறு கொண்டுவந்தார்கள். இரண்டு கையாலும் வாங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அவர் தம்மை மன்னிக்கவேயில்லை.

அகதி முகாம் பட்டியல்கள் எதிலும் தங்கையின் பெயர் இல்லை. ஆனியில் பெட்டியைச் செய்தார். பத்மாதேவியின் பெயரைப் போட்டு, "தகவல் இல்லை" என்று அடையாளமிட்டார். அவருக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பெயர்கள் வந்து விழுந்தன.

பழைய விதியை மட்டும் அடியோடு மறந்துபோனார். அந்தப் பெயர்களுக்கு இறந்த நாள் கிடையாது. நாள் கிடையாதென்றால் ஆடி அமாவாசை.

அமாவாசைக்கு முதல்நாள் கந்தோரால் வந்து கணினியைத் திறந்தார். களம் முழுக்க ஓலம். யசோதா எழுதியிருந்தாள்: "நாளைக்குத் தம்பிக்குத் திதி எண்டு கடிதம் வந்திருக்கு. அம்மா விழுந்து அழுகிறா. பிழையெண்டு சொல்லுங்கோ, அண்ணா."

அவர் எழுதினார்: "பிழை என்ர. ஆர் இருக்கினம், ஆர் இல்லையெண்டு புரோகிராமுக்குத் தெரியாது. அந்தக் கடிதத்தை ஒருத்தரும் நம்பாதேங்கோ." அறுநூறு பேருக்கும் அனுப்பினார். விதியை அழித்தார். பிறகு குசினிக்குள் போனார்.

மனைவி லீலாதேவி வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தாள். நாளைய படையலுக்கு மேசை நிறைய மரக்கறி. அவருடைய மின்னஞ்சலை அவளும் திறந்து பார்ப்பது வழக்கம். அழுதழுது கண்கள் வீங்கியிருந்தன.

"பத்மாதேவிக்கு நாளைக்குத் திதியெண்டு வந்த கடிதம் பாத்தன்" என்றாள். "உங்களுக்கு எப்பயப்பா தெரியும்? எனக்கேன் சொல்லேல்லை?"

அறுநூறு பேருக்குப் பிழையென்று சொன்னவருக்கு, அவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் நாளைக்கும் காத்திருக்கவேண்டும், நாளையின்றைக்கும் காத்திருக்கவேண்டும். அதற்கான சீவன் அவரிடம் இல்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும் வையும்" என்றார். "அவளுக்கு அதுதான் விருப்பம்."