கேட்டுக்காரர் கத்தியது

கூட்ஸ் வண்டிகளைப் படம் எடுப்பது எனக்குப் பைத்தியம். கடைசிப் பெட்டியை மட்டும் எடுப்பதில்லை. இன்றைக்கும் சூரமங்கலம் தாண்டி அந்தப் பழைய ரயில்வே கேட்டில்தான், மகளோடு நிற்கிறேன். பிரேக் கருகும் நாற்றம் ஏறியதும் கேமரா தானாகத் தாழ்ந்தது.

சின்ன வயதில் அப்பாவோடு இங்கே நின்ற அன்றைக்கும் இதே நாற்றம். அப்பாவுக்குப் பொறுமை கிடையாது. கூட்ஸ் போய் முடிவதற்குள் என் கையை விட்டுவிட்டு, கேட்டுக்கு அடியில் பாதி குனிந்துவிட்டார். கடைசிப் பெட்டி கடந்தும் இரைச்சல் அடங்கவில்லை. எதிர்ப்பக்கம் கேட்டுக்காரர் கையை ஆட்டிக் கத்தினார். யாரிடமும் மரியாதை குறையாமல் பேசுகிற மனுசர். "வராதீங்க!" என்றாராம். எங்களுக்குக் கேட்டது கடைசி 'ங்க' மட்டும்தான். 'வாங்க' என்று கூப்பிடுவதாக நினைத்து, "இதோ வாரேனுங்க" என்று அப்பா ஓடினார். கூட்ஸ் மறைத்திருந்த அடுத்த தண்டவாளத்தில் இன்னொரு ரயில் வந்துகொண்டிருந்தது.

இப்போதும் கடைசிப் பெட்டி கடந்துவிட்டது. மகள் கேட்டுக்கு அடியில் குனிந்தாள். வீட்டில் அவளை "வாங்க சாமி, சாப்பிடுங்க சாமி" என்றுதான் கூப்பிடுவேன்.

"நில்லுடி!" என்று கத்தினேன்.

மிரண்டுபோய் நின்றாள். தண்டவாளம் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.