லாரிக்குப் பாவாடை கட்டியவர்

பரமசிவம் யாரையும் எளிதில் நம்பமாட்டார். கண்ணெதிரே கறந்த பாலையும் விரலில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொம்பை நீட்டுவார். டிராம் கண்டக்டர் கொடுக்கும் டிக்கெட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். காளிகாட்டுச் சந்தில் குடிவந்து எத்தனையோ வருஷமாகியும், எதிர்வீட்டுக்காரர் காலையில் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்துவிட்டால், எதற்கு அடி போடுகிறார் என்று சாயங்காலம் வரைக்கும் மண்டையை உடைத்துக்கொள்வார்.

அவர் நம்பியது ஒன்றை மட்டும்தான். பட்டாளத்தில் கழித்துவிட்டு ஏலத்தில் விட்ட, பெட்ரோலில் ஓடும் லாரி அது. விழுப்புரத்துப் பக்கத்திலிருந்து பட்டாள டிரைவராக வந்தவர், வேலையிலிருந்து விடுபட்டதும் ஊருக்குத் திரும்பாமல் அந்த லாரியை வாங்கிக்கொண்டு கல்கத்தாவிலேயே தங்கிவிட்டார். முதுகு பிடித்துக்கொண்டபிறகு ஓட்டுவதைக் கலியனிடம் விட்டார். கலியன் அவருக்குப் பக்கத்து ஊர்க்காரன். கல்யாணம் ஆகாதவன். சாப்பாடு பரமசிவத்தின் வீட்டில்தான்.

எழுபத்திரண்டாம் வருஷ மழைக்காலத்தில் லாரிக்குச் சால்ட் லேக்கில் வேலை. கங்கை மணலைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து ஏரியைத் தூர்த்து, அதன்மேல் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சித்பூர் ரயில் யார்டிலிருந்து ஜல்லியும் கம்பியும் போகவேண்டும். உள்ளே ரோடு என்று பேருக்குத்தான் இருந்தது. நல்ல மழை பெய்தால் லாரியின் அச்சு வரைக்கும் சேறு. அதிலே மற்ற லாரிகள் இறங்கி அங்கங்கே உயிரை விடும், பரமசிவத்தின் லாரி மட்டும் தள்ளாடிக்கொண்டே அக்கரை போய்ச் சேரும்.

அதற்குக் காரணம் அவர் கட்டிய பாவாடை. பழைய டயர் ட்யூபுகளைப் பிளந்து, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துப் பட்டையாகத் தைத்து, முன்சக்கரங்களுக்கும் என்ஜினுக்கும் நடுவே இரண்டு பக்கமும் தொங்கவிட்டிருந்தார். சக்கரம் வாரி அடிக்கிற சேறெல்லாம் அந்த ரப்பரில் அடித்துக் கீழே விழுந்துவிடும். ஆழமான தண்ணீருக்குள் இறங்குமுன் ரேடியேட்டருக்கு முன்னால் தார்ப்பாய்த் துண்டைக் கட்டி, ஃபேன் பெல்ட்டையும் கழற்றிவிடவேண்டும். இல்லாவிட்டால் விசிறியே தண்ணீரை அள்ளி என்ஜின்மேல் வீசிவிடும். மற்ற டிரைவர்கள் "பரமசிவத்தோட லாரி பெரிய மனுஷி ஆயிட்டா" என்று கேலி செய்வார்கள். செய்யட்டுமே. மாட்டிக்கொண்டபோது அவர்களே வந்து ட்யூப் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள்.

அப்பேர்ப்பட்ட லாரி ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை நடுச்சேற்றில் நின்றுவிட்டது. அன்றைக்குப் பரமசிவமும் வண்டியில் இருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமையும் கூடப் போனார், அன்றைக்கும் நின்றது. பின்னால் வந்த லாரிகளெல்லாம் வரிசையாக மாட்டிக்கொண்டு ஹாரனை அலறவிட்டன. காண்ட்ராக்டரின் மானேஜர் குடையோடு வந்து, இன்னொரு தடவை வழியை அடைத்தால் இந்த வண்டியைக் கேட்டுக்குள்ளேயே விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மழைக்காலத்தில் வேறெங்கும் சரக்கு இல்லை. அந்தக் கேட் மூடினால் அடுப்பு அணைந்துவிடும்.

பரமசிவம் யோசித்தார். அவர் ஏறாத நாளில் வண்டி ஒழுங்காக ஓடுகிறது. அவர் ஏறினால் நிற்கிறது. இது எப்படித் தற்செயலாகும்?

இந்தச் சமயத்தில்தான் லேக் மார்க்கெட்டில் காப்பித்தூள் கடை வைத்திருந்த அனந்தகிருஷ்ணன் ஒரு சேதி சொன்னார்.

"உங்க கலியன் வெள்ளிக்கிழமையானா டிராம் டிப்போ திருப்பத்துல வண்டிய நிறுத்திப் பானெட்டத் தெறக்கறானே, என்ன கோளாறு? முன்னாலயும் பின்னாலயும் பாத்துண்டு செய்யறான். எனக்கென்னமோ சரியாப் படலே."

அது போதும். அடுத்த வெள்ளிக்கிழமை பரமசிவம் முதுகுவலி என்று சொல்லிப் பின்தங்கி, குறுக்குச் சந்து வழியாக ஓடி, டிப்போ எதிரே ஒரு வெற்றிலைக் கடையின் மறைவில் நின்றுகொண்டார். லாரி வந்தது. நின்றது. கலியன் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்தான். பானெட்டைத் திறந்து, கையை உள்ளே விட்டு ஏதோ செய்தான். பிறகு ஒரு துணியை டிராயர் பைக்குள் திணித்துக்கொண்டு ஏறிப் போய்விட்டான். பரமசிவம் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் பொய்தானே சொல்வான் என்று கேட்காமல் விட்டார்.

சாயங்காலம் வண்டி திரும்பியதும், கலியன் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பானெட்டைத் தூக்கினார். பாவாடை அப்படியே இருந்தது. உள்ளே ஒரு பொட்டுச் சேறு இல்லை. ஆனால் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைச் சுற்றி எறும்பு. சாரிசாரியாக எறும்பு. லாரி என்ஜினில் எறும்புக்கு என்ன வேலை?

சர்க்கரை! பெட்ரோல் டாங்கில் சர்க்கரையைப் போட்டு எதிராளியின் வண்டியைக் கெடுக்கும் கதைகள் அந்தக் காலத்தில் கல்கத்தா டிரைவர்கள் நடுவே ஏராளம். கேட்டுக்குள் இவருடைய இடத்தைப் பிடிக்க இன்னொரு லாரிக்காரன் காத்திருப்பதும் அவருக்குத் தெரியும். அவன் கலியனை விலைக்கு வாங்கிவிட்டான். கைதவறிச் சிந்தியதை இந்தப் பயல் துணியால் துடைக்கிறான். முடிந்தது கணக்கு. டாங்கைத் திறந்து அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்து நாக்கில் வைத்துக்கூடப் பார்த்தார். இனிப்புத் தெரியவில்லை. ராத்திரி வரைக்கும் காறித் துப்பிக்கொண்டிருந்தார், சந்தேகம் மட்டும் போகவில்லை.

"என் சோத்தத் தின்னுட்டு என் வண்டியவே கெடுக்கறியாடா?" என்று கலியனைக் கேட்டார்.

கலியன் திகைத்துப்போனான். "நானா? என்னாண்ணே பேசறீங்க?"

"வெள்ளிக்கெழம டிப்போகிட்ட வண்டிய நிறுத்தி என்னா பண்ண? நான் என் கண்ணால பாத்தேன்."

கலியன் வாயைத் திறந்தான். அடுக்களை வாசலில் பரமசிவத்தின் மனைவி ஜகதாம்பாள் கையில் கரண்டியோடு வந்து நின்றாள். அவன் அவளைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"ஒண்ணும் இல்லண்ணே" என்றான்.

"ஒண்ணும் இல்லாததுக்குத்தான் திருட்டு முழி முழிக்கிறியா? சாவிய வச்சிட்டுப் போ."

சாவியை வைத்துவிட்டுப் போனான். ஜகதாம்பாள் அழுதாள். "தங்கமான புள்ளைங்க" என்று சொல்லிப் பார்த்தாள். உனக்கு உலகம் தெரியாது என்று பரமசிவம் அவள் வாயை அடைத்துவிட்டார்.

பரமசிவமே ஓட்ட ஆரம்பித்தார். முதுகு விண்விண் என்று தெறித்தாலும் வண்டி குதிரையாக ஓடியது. பார்த்தாயா, ஆள் போனதும் கோளாறும் போயிற்று என்று நிம்மதியாக இருந்தார். அந்த நிம்மதி வியாழன் வரைக்கும்தான்.

வெள்ளிக்கிழமை விடியலில் வழக்கம்போல் ஆயில் பார்த்தார். பானெட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் காளி கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வந்தார். பானெட்டை மூடினார், ஜகதாம்பாள் வைத்திருந்த குங்குமத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார். உல்டாடாங்கா தாண்டும்போதே என்ஜின் இருமியது. சால்ட் லேக் சேற்றில் இறங்கி, பாரம் இழுக்கிற இடத்தில், இரண்டு தடவை வெட்டி வெட்டி இழுத்து நின்றேவிட்டது. பின்னால் ஹாரன்கள் கிளம்பின. தூரத்தில் மானேஜரின் குடை வந்துகொண்டிருந்தது.

முழங்கால் சேற்றில் இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். பாவாடைக்கு உட்புறம் காய்ந்து கிடந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின்மேல் மட்டும் ஈரம். அங்கே ஈரம் பட்டால் பிளக்குகளுக்கு மின்சாரம் போகாது. ஒயர்கள் சொருகியிருந்த குழிகளில் ஏதோ பிசுபிசுவென்று தேங்கி நின்றது. விரலை வைத்து நாக்கில் வைத்தார். தேங்காய்த் தண்ணீர்.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனியில் லாரி டிராமோடு மோதப்போய் மயிரிழையில் தப்பியதிலிருந்து ஜகதாம்பாளுக்கு ஒரு வேண்டுதல். வெள்ளிக்கிழமைதோறும் வண்டிக்குத் தேங்காய் உடைப்பாள். சக்கரத்துக்கு உடைக்கிறாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். வண்டிக்கு உயிர் எங்கேயிருக்கிறதோ அங்கேயே தீர்த்தம் விட்டிருக்கிறாள், அவர் கோயிலுக்குப் போன நேரத்தில், திறந்த பானெட்டுக்குள்ளே. கலியன் அவள் கண்ணுக்கும் இவர் கண்ணுக்கும் மறைவாகப் போய் அதைத் துடைத்திருக்கிறான். இவர் கூட ஏறிய நாளில் துடைக்க முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

மானேஜர் வந்து, சொன்னபடியே இனி இந்த வண்டிக்குக் கேட் திறக்காது என்றார். பரமசிவத்தின் காதில் பாதிதான் ஏறியது. அவமானம் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

கலியன் சித்பூர் யார்டில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். பரமசிவம் போய் நின்றதும் தோளிலிருந்த மூட்டையை இறக்கிவைத்தான்.

"ஏன்டா சொல்லல?"

"எப்படிண்ணே சொல்றது? அண்ணி சாமி பேரச் சொல்லி ஊத்துறாங்க. அத நான் தொடச்சேன்னு தெரிஞ்சா, சாமி குத்தம்னு அவங்களுக்குத் தூக்கம் வராது. உங்ககிட்ட சொன்னா நீங்க அவங்கள உண்டு இல்லன்னு ஆக்கிடுவீங்க. தொடச்சாப் போச்சு, ரெண்டு நிமிஷ வேலைதானே."

"திருடன்னு சொன்னனே, அப்பவாவது சொல்லக் கூடாது?"

"அப்ப அண்ணி அங்கதானே நின்னாங்க."

பரமசிவம் அவனை வந்துவிடு என்று கூப்பிட்டார். கலியன் தலையை ஆட்டினான்.

"வேணாண்ணே. இனிமே நான் தும்மினாலும் உங்களுக்குச் சந்தேகமா இருக்கும். என்னால அப்படி ஓட்ட முடியாது." மூட்டையைத் தோளுக்குத் தூக்கினவன் நின்று கேட்டான். "அண்ணிகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்கண்ணே."

வீட்டில் ஜகதாம்பாள் வாசலிலேயே காத்திருந்தாள். வண்டி நின்றுபோன சேதி அவளுக்கு முன்னமே வந்துவிட்டது.

"என்னாச்சுங்க? வெள்ளிக்கிழமையும் அதுவுமா, தேங்காகூட உடைச்சனே."

பரமசிவம் செருப்பைக் கழற்றினார். அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"சேறு பூந்துடுச்சு" என்றார். "நான் கட்டினது சரியில்ல."