பத்து வயது வாசகர்களிடம் மாட்டிக்கொண்டவள்

குழந்தைகளுக்குக் கதை எழுதுவது சுலபம் என்று சொல்கிறவர்கள், அந்தக் குழந்தைகள் குடியிருக்கும் தெருவிலேயே அலுவலகம் வைத்துப் பார்க்க வேண்டும். ஐம்பதுகளில் ராயபுரத்தில், ஓர் அச்சகத்தின் மாடியில் நடந்த சிறுவர் மாதப் பத்திரிகையில் நான் உதவியாசிரியை. மற்ற பத்திரிகைகளுக்கு வாசகர்கள் கடிதம் போடுவார்கள். எங்களுக்கு மாடிப்படி ஏறி வந்துவிடுவார்கள். இதே தொழிலில் அகப்பட்டுக்கொண்டு விழிக்கும் சகோதர சகோதரிகளே, நான் வாங்கிய அடி உங்களுக்காவது உபயோகப்படட்டும்.

சூரியோதயம்

சேர்ந்த புதிதில் எனக்கு வர்ணனை என்றால் உயிர். புதையல் தேடும் கதை ஒன்றைச் சூரியோதயத்தில் ஆரம்பித்தேன். கீழ்வானம் சிவந்தது, அலைகள் பொன்னாயின, பறவைகள் பண் பாடின. அச்சுக்குப் போகுமுன் தண்டையார்பேட்டைப் படிப்பகத்தில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். முதல் பக்கம் முடிவதற்குள் பாதிப் பேர் ஜன்னல் வழியே ரயிலைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த பாத்திமா என்ற பெண் மட்டும் என்மேல் பரிதாபப்பட்டு எழுந்து நின்றாள்.

"அக்கா, சூரியன் மெதுவா வரட்டும். புதையல் கெடச்சதும் கூப்டு, நாங்க வெளிய வெளையாடிக்கினு இருக்கோம்."

பசி

அதற்குப் பிறகு என் கதைகளில் முதல் வரியிலேயே யாராவது கிணற்றிலோ வம்பிலோ விழுந்தார்கள். ஆனால் விழுந்தவர்கள் இலக்கணம் தப்பாமல் பேசினார்கள். ஒரு கதையில், காலையிலிருந்து சாப்பிடாத சிறுவன் வீட்டுக்கு ஓடிவந்து, "அன்னையே! பசி என்னை வாட்டுகிறது. உண்பதற்கு ஏதேனும் உளதோ?" என்கிறான். எங்கள் ஆசிரியர் சபாபதி சார் டிபன் கேரியரைத் திறக்கப்போகும் நேரத்தில் அதைக் கொண்டுபோய் நீட்டினேன். படித்துவிட்டு மூடியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்:

"இவனுக்குப் பசியே இல்லைம்மா. பசிச்சவன் 'சோறு'ன்னு ஒரு வார்த்தைதான் சொல்லுவான். இப்போ நான் சொல்றேன் பாருங்க, சோறு!"

நல்ல பேய்

வண்ணாரப்பேட்டையில் தோல் வியாபாரம் செய்யும் காதர் பாய் ஒரு நாள் மூச்சு வாங்க மேலே வந்தார். மூலக்கொத்தளத்துச் சுடுகாட்டிலிருந்து ஒரு பேய் கிளம்பி வருவதாக நான் எழுதிய தொடர்கதையை அவருடைய மகன் சலீம் படித்துவிட்டானாம். பொழுது சாய்ந்தால் கொல்லைப்பக்கம் தனியாகப் போக மறுக்கிறானாம். விளக்கைப் பிடித்துக்கொண்டு இவரும் கூடப் போய் நிற்க வேண்டியிருக்கிறதாம். "படிக்கிற புள்ளைங்கள இப்படிப் பயமுறுத்தலாமாம்மா?" என்றார்.

நியாயம்தானே? அடுத்த இதழிலேயே பேயைத் திருத்தினேன். அது தொலைந்த ஆடுகளைத் தேடிக் கொடுத்தது. மழையில் நனைந்தவர்களுக்குக் குடை பிடித்தது. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வானத்தில் பறந்தது. இதழ் வெளியான மறுநாளே காதர் பாய் மறுபடியும் படியேறினார்.

"அம்மா, சலீம் மூலக்கொத்தளத்துச் சுடுகாட்டு மதில் மேல ஏறி உக்காந்துட்டான். பேய் வந்து தூக்கிக்கிட்டுப் பறக்குமாம், அதுவரைக்கும் வீட்டுக்கு வரமாட்டானாம். பழைய பேயையே அனுப்பி வைங்க!"

கட்டுமரம்

மாரி என்ற மீனவன் கட்டுமரத்தில் போய்ப் புயலில் சிக்குவதாக ஒரு தொடர்கதை. மாரி கடலோடு போய்விடுவான் என்பது நான் வைத்திருந்த முடிவு. பிள்ளைகள் துக்கத்தையும் படித்துப் பழக வேண்டும் என்று எனக்கு அப்போது ஒரு கொள்கை இருந்தது. கடைசி அத்தியாயத்தை அச்சுக் கோத்து வைத்திருந்தபோது நிஜமாகவே புயல் அடித்தது. காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போன ஒரு கட்டுமரம் திரும்பவில்லை. அதில் போனவர்களில் ஒருவர் தேசம்மாவின் அப்பா. தேசம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். இதழ் வந்ததும் வாங்கிப்போய், தெருப்பிள்ளைகளைக் கூட்டிவைத்து உரக்கப் படித்துக் காட்டுகிறவள் அவள்தான்.

மழை விட்ட காலையில் மேலே வந்தாள். அழவில்லை.

"அக்கா, மாரி கரைக்கு வருவானா, மாட்டானா?"

என் கொள்கையை அந்த நிமிஷமே கைவிட்டேன். "வருவான்" என்றேன்.

"எப்போ?"

"இந்த மாசமே."

தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனாள். நான் நேரே சபாபதி சாரிடம் போய் நின்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. கோத்த எழுத்தைக் கலைக்கச் சொன்னார். உட்கார்ந்த இடத்தில் மாரியைக் கரையேற்றிக் கீழே அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. கதையில் ஒருவனைக் கரை சேர்த்துவிட்டு, நிஜத்தில் அவள் அப்பா வராமல் போனால் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

இதழ் மடித்துக் கட்டி முடிவதற்குள் செய்தி வந்துவிட்டது. காற்று வடக்கே தள்ளிக்கொண்டு போக, ஆந்திரக் கரையில் ஏதோ ஒரு குப்பத்தில் ஒதுங்கி, ரயிலேறி எல்லோரும் வீடு வந்து சேர்ந்திருந்தார்கள். தேசம்மா படிகளில் தடதடவென்று ஓடிவந்தாள். கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். வாசலிலேயே நின்று, பெரிய மனதோடு எனக்கு விடுதலை கொடுத்தாள்.

"நைனா வந்துட்சுக்கா! இனிமே உன் மாரிய உன் இஷ்டத்துக்கு முழுக வெச்சுக்கோ."

பின்னாளில் பெரியவர்களுக்கும் கதை எழுதிப் பார்த்தேன். அவர்கள் எதைக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவதால், ஒன்றும் கற்றுக்கொள்ள முடியவில்லை.