லாங் ஐலண்டிலிருந்து வந்த மீன்

அந்தமானில், மாயாபந்தரில் என் எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு திறமை உண்டு. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவாள். காண்ட்ராக்டர் மனைவி, மதுரைக்காரி, தீவுக்கு வந்து நான்கு வருடம். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அவள் தீவு மனிதர்களைப் பற்றிப் பாடம் எடுப்பாள்.

அப்போது என் வீட்டில் ஒரு பெண் தங்கிப் பிளஸ் டூ படித்தாள். இறந்துபோன என் பள்ளித் தோழியின் மகள். அப்பா பெங்காலி, லாங் ஐலண்டில் தச்சு வேலை. வேலைக்குத் தீவு தீவாகப் போகிறவர், வயசுப் பெண்ணைத் தனியாக விட முடியாமல் என்னிடம் விட்டிருந்தார். அவளை எப்படியாவது கல்லூரிக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் வைராக்கியம்.

வாரம் ஒருமுறை மீன் அனுப்புவார். போட்டில் வருகிறவர் யாரிடமாவது கொடுத்தால் ரங்கத் வந்துவிடும். அங்கிருந்து பஸ் டிரைவர் கொண்டுவருவார். இங்கே எல்லாரும் எல்லாருக்கும் இப்படித்தான் அனுப்புகிறோம். அக்காவுக்கே போர்ட் பிளேயரிலிருந்து கறிவேப்பிலை பஸ்ஸில்தான் வரும். அது வெறும் கறிவேப்பிலை. கல்யாணமாகாத எனக்கு மீன் வந்தால் மட்டும் அதில் காதல் வாசம் அடிக்கும்.

"எங்க ஊர்ல எந்த ஆம்பளையும் சும்மா மீன் அனுப்ப மாட்டான்டி," என்றாள் குழாயடியில், நாலு பேர் கேட்க. "அதுவும் கழுவி, துண்டு போட்டு!"

"மகளுக்கு அனுப்புறாருக்கா. இங்க இதெல்லாம் நார்மல். டிரைவர் பையாகிட்டயே கேளுங்க."

"மக ஒருத்திக்கு எதுக்குடி ரெண்டு கிலோ?"

அவள் புத்திக்கு அவ்வளவுதான் எட்டும் என்று இளக்காரமாகச் சிரித்துவிட்டு வந்தேன். பேச்சு பஸ் ஏறி, போட் ஏறி, மீன் வந்த வழியிலேயே லாங் ஐலண்ட் போய்ச் சேர்ந்துவிட்டது.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில் அவர் வந்தார். வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றார்.

"தீதி, என்னால உங்க பேரு கெடுது," என்றார் இந்தியில். "பொண்ணைக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், விட்டுவிட்டுப் போயிருப்பார். உள்ளே அவள் புத்தகத்தை மூடிவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தாள். நான் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். அக்கா நின்றிருந்தாள்.

"உங்க இஷ்டம் பையா," என்றேன், அண்ணன் முறை வைத்து, ஜன்னல்வரை கேட்கும்படி சத்தமாக.

அந்தப் பெண் அந்த வருடம் பரீட்சை எழுதவில்லை. அக்காவை இன்றும் நான் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. ஆனால் அவள் பேச மட்டும்தான் செய்தாள். பெண்ணை அனுப்பியவள் நான்.